ஊருக்கு என்ன தேவை? கேட்பதற்கு முன் நாங்கள் போட்ட 40 நாள் திட்டம்!

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டால் அடுத்து என்ன மெசேஜ் வரும்? எங்கள் குரூப்பில் ஒரு ஓட்டெடுப்பு வந்தது. “ஊருக்கு என்ன செய்யலாம்? ஒன்றைத் தேர்வு செய்யவும். 1. நுழைவு ஆர்ச், 2. கோயில் முன்பு ஹைமாஸ்ட் லைட், 3. ஜிம், 4. சிசிடிவி கேமரா.”

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முந்நூறு வீடுகளுக்குக் கொஞ்சம் அதிகம். 2024 வைகாசித் திருவிழா முடிந்து கணக்குப் பார்த்தபோது, செலவு போக மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சம். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று பிழைக்கப் போன பிள்ளைகள் அனுப்பிய பணம். அதை ஊருக்கே செலவு செய்வோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஓட்டெடுப்பில் ஆர்ச் முன்னணியில் இருந்தது.

நான் சென்னையில் ஒரு செய்தி நிறுவனத்தின் டிஜிட்டல் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த எண்ணைப் பார்த்தாலும் ‘இதில் யார் யார் அடக்கம்?’ என்று பார்ப்பது இதழியல் டிப்ளமோ வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம். குரூப்பில் இருப்பவர்களை எண்ணினேன். 118 பேர். அதில் பெண்கள் ஒன்பது. கிழக்குத் தெருவிலிருந்து நான்கு. அறுபது வயதைத் தாண்டியவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் ஊரில் வசிக்கவே இல்லை.

“ஆர்ச் வேணாம்னு சொல்லலை. ஆகஸ்ட் வரைக்கும் டைம் குடுங்க. ஊர்ல இருக்கவங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்” என்று எழுதினேன். “ரிப்போர்ட்டர் மேடமே கேட்டுச் சொல்லட்டும்” என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு மச்சான் கிண்டலடித்தார். அதற்குக் கீழேயே தலைமை ஆசிரியர் ஐயா, “நல்ல யோசனை. நானும் வருகிறேன்” என்று போட்டார். கிண்டல் அங்கேயே நின்றது. வேலை தொடங்கிவிட்டது.

ஆர்ச்சும் ஒரு தேவைதான்

ஒரு சமூகத்துக்கு என்ன தேவை என்று முறையாகக் கண்டுபிடிப்பதற்கு ‘தேவை மதிப்பீடு’ என்று பெயர். பெரிய தொண்டு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் செய்கிற வேலை. முந்நூறு வீட்டு ஊருக்கும் அது பொருந்தும்.

பிரிட்டனைச் சேர்ந்த சமூகக் கொள்கை அறிஞர் ஜோனாதன் பிராட்ஷா, 1972-ல் தேவைகளை நான்காகப் பிரித்தார். எங்கள் ஊர் பாஷையில் அதைச் சொல்கிறேன். முதலாவது, துறை தெரிந்தவர்கள் சொல்வது. ‘இந்த ஊர் வளரிளம் பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது’ என்று கிராம சுகாதார செவிலியர் சொன்னால் அது இந்த வகை. இரண்டாவது, மக்கள் மனதில் இருப்பது. யாராவது கேட்டால்தான் வெளியே வரும். மூன்றாவது, வாய்விட்டுக் கேட்டது. மனு, காலிக்குட மறியல் எல்லாம் இதில் வரும். நான்காவது, ஒப்பிட்டுப் பார்ப்பது. அவர்களுக்கு இருக்கிறது, நமக்கு இல்லை.

ஆர்ச் நான்காவது வகை. “பக்கத்து ஊர் ஆர்ச்சைப் பார்த்தீங்களா?” என்ற ஒரு போட்டோவிலிருந்துதான் குரூப்பில் பேச்சே தொடங்கியது. வெளியூரில் கஷ்டப்படும் ஒருவர், தன் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால், குரூப்பில் இரண்டாவது வகை சுத்தமாக இல்லை. மனதில் இருந்தும் யாரும் கேட்காததால் வெளியே வராதவை. அவற்றைத் தேடுவதுதான் எங்கள் வேலை என்று முடிவானது.

‘கேட்டுட்டு என்ன பண்ணப் போறோம்?’

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வராண்டாவில் ஏழு பேர் உட்கார்ந்தோம். தலைமை ஆசிரியர் ஐயா, கிழக்குத் தெரு மகளிர் குழுத் தலைவி அக்கா, அங்கன்வாடி உதவியாளர் சித்தி, எலெக்ட்ரீஷியன் அண்ணன், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும், நான்.

கேள்வித்தாள் தயாரிக்கலாம் என்று நோட்டை எடுத்தபோது ஐயா தடுத்தார். “கேட்டுட்டு என்ன பண்ணப் போறோம்? அதை முதல்ல எழுதுங்க. என் சர்வீஸ்ல எத்தனையோ கணக்கெடுப்புக்குப் போயிருக்கேன். எடுத்த கணக்கு என்னாச்சுன்னு யாரும் திரும்பி வந்து ஜனங்ககிட்ட சொன்னதில்லை. அதான் இப்ப நோட்டைப் பார்த்தாலே கதவைச் சாத்துறாங்க.”

அன்று இரண்டு மணி நேரம் பேசி நாங்கள் எழுதியது மூன்றே வரிகள். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

“திருவிழாக் காசு மூணு லட்சம் இருக்கு, அதை எதுக்குச் செலவு பண்றதுன்னு முடிவெடுக்கத்தான் கேக்குறோம். வீடு, பட்டா, வேலை எல்லாம் எங்களால வாங்கித் தர முடியாது. நீங்க சொன்னதை ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னாடி உங்க தெருவுலயே வந்து படிச்சுக் காட்டுவோம்.”

நடுவில் இருக்கும் வரிதான் முக்கியம். தர முடியாததை முதலிலேயே சொல்லாவிட்டால் கேட்பதே ஒரு வாக்குறுதி ஆகிவிடும். பெயர், ஆதார் எண், போட்டோ எதுவும் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். உரிமைத்தொகையை நிறுத்திவிடுவார்களோ, ரேஷன் கார்டில் கை வைப்பார்களோ என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. போட்டோ இல்லாமல் வேலை செய்வது என் தொழிலுக்குப் புதுசு. ஆனாலும் 40 நாளும் போனை பையை விட்டு எடுக்கவில்லை.

40 நாளையும் பிரித்துக்கொண்டோம். திட்டமிட 10 நாள், கேட்க 20 நாள், கணக்குப் போட 5 நாள், திரும்பப் போய்ச் சொல்ல 5 நாள்.

இருப்பதை முதலில் எழுதினோம்

ஜனங்களைத் தொந்தரவு செய்வதற்கு முன், ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை எல்லாம் பார்த்துவிடுவது நல்லது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-ல். அப்போது பால்வாடிக்குப் போன பிள்ளை 2024-ல் பிளஸ் டூ. அதனால், அந்த எண்களை வைத்து எதையும் சொல்ல முடியாது. அங்கன்வாடிப் பதிவேடும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் புதுசாக இருந்தன. ஊராட்சிச் செயலரிடம் கேட்டபோது, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைக் காட்டினார். ஒவ்வோர் ஊராட்சியும் வருஷா வருஷம் மக்களைக் கலந்து இதைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊருக்கும் ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் திட்டத்தில் வாய்க்காலும் சிமென்ட் சாலையுமே திரும்பத் திரும்ப வந்தன.

தேவைப் பட்டியலோடு இருப்புப் பட்டியலும் வேண்டும் என்று சொன்னது கல்லூரித் தம்பி. ஊரை ஒரு சுற்று நடந்தே வந்தோம். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டு மைதானமும் அமைத்தார்கள். எங்கள் ஊர் நூலகம் பூட்டிக் கிடந்தது. மைதானத்தில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நின்றது. ஜிம் கேட்ட தம்பிகள் சிலருக்கு அங்கே ஒரு மைதானம் இருப்பதே தெரியவில்லை.

யார் வர மாட்டார்கள்?

திட்டமிடலில் எங்களுக்கு நிறைய நேரம் பிடித்தது கேள்வித்தாள் இல்லை. யாரை, எங்கே, எப்போது பார்ப்பது என்பதுதான்.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1970-களில் நம் வட ஆற்காடு மாவட்டத்திலும் இலங்கையிலும் நெல் விவசாயம் பற்றிய ஆய்வில் வேலை செய்தவர். பிறகு 1983-ல் எழுதிய ஒரு புத்தகத்தில், கிராமத்துக்கு வருகிற அதிகாரிகளும் ஆய்வாளர்களும் யாரைப் பார்க்காமலேயே திரும்பிப் போகிறார்கள் என்று பட்டியல் போட்டார். தார் ரோடு போகும் இடத்தோடு கார் நின்றுவிடுகிறது. முன்னால் வந்து பேசுபவர்கள் வசதியானவர்களும் ஆண்களும். மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை. சங்கடமான விஷயத்தை மரியாதைக்காக யாரும் எடுப்பதில்லை.

அந்தப் பட்டியலை எங்கள் ஊருக்குப் போட்டுப் பார்த்தோம். யாராவது ஊருக்கு வந்தால் பிள்ளையார் கோயில் திண்ணையில்தான் உட்காரவைப்போம். கூட்டமும் அங்கேதான். “அங்க போட்டா எங்க தெரு ஆளுக வர மாட்டாங்க. வந்தாலும் உக்கார மாட்டாங்க. நின்னுட்டே என்ன பேசுறது?” என்றார் மகளிர் குழு அக்கா. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. நான் ஊர்த் தெருவில் பிறந்து வளர்ந்தவள். எலெக்ட்ரீஷியன் அண்ணனும்தான். அந்தத் திண்ணையை நாங்கள் பொது இடம் என்றே நினைத்து வளர்ந்திருந்தோம்.

கிழக்குத் தெருவை ஊரில் ‘காலனி’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025-ல் தமிழக அரசே அறிவித்தது. பெயர் மாறலாம். கூட்டம் எங்கே போடுகிறோம் என்பதும் மாற வேண்டுமே. எனவே, பொதுக்கூட்டமே வேண்டாம் என்று விட்டோம். அவரவர் இருக்கும் இடத்துக்கு நாங்கள் போவது என்று முடிவானது.

ஒரு சார்ட் பேப்பரில் எழுதினோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்: மதியச் சாப்பாட்டு நேரம், கண்மாய்க்கரை புளியமரம். பென்ஷன் வாங்கும் முதியவர்கள்: விரல் ரேகை மிஷினோடு பேங்க் ஆள் வரும் நாளில், ரேஷன் கடை வாசல். ஆண்கள்: காலை ஆறு மணி, டீக்கடை. பசங்க: ஞாயிறு கிரிக்கெட். டவுன் ஜவுளிக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள்: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், அவர்கள் வீட்டில். நடக்க முடியாதவர்கள், மனநலம் சரியில்லாத பிள்ளையை வைத்திருக்கும் அம்மாக்கள்: அங்கன்வாடி சித்தியோடு போய்த் தனியாக. இது போக, தெருவுக்கு நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்று வரிசையாக. அப்போதுதான் தெரிந்த வீடாகப் பார்த்து நுழைய மாட்டோம்.

‘என்ன வேணும்?’ என்று கேட்கவில்லை

கேள்விகளை முதலில் மூன்று வீடுகளில் மட்டும் கேட்டுப் பார்ப்பது என்பதும் திட்டத்தில் ஒரு பகுதி. முதல் வீடு என் அப்பத்தா வீடு.

“என்ன அப்பத்தா வேணும் ஊருக்கு?”

“எனக்கென்னடி வேணும், எல்லாம் இருக்கு. கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டினா நல்லாருக்கும்.”

“சரி, போன தடவ காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனே?”

“எங்கடி போனேன்? சாயந்தரம்தான் காய்ச்சல் ஏறுச்சு. பஸ்ஸு போயிருச்சு. ஆட்டோக்காரன் இருட்டுனா தைலமரக் காட்டு ரோட்டுல வர மாட்டேங்கிறான். கஷாயம் வச்சுக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்.”

அதே ஆளிடம் இரண்டு கேள்வி, இரண்டு பதில். ‘என்ன வேணும்?’ என்று கேட்டால், கொடுக்கிறவர் மனதுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். ‘நேற்று என்ன நடந்தது? போன தடவை எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். அடுத்த வீட்டிலும் அப்படித்தான். ‘கழிப்பறை இருக்கா?’ என்ற கேள்விக்கு ‘இருக்கு’ என்று பதில் வந்தது. அதையே, ‘நேத்து வீட்ல யாரெல்லாம் அதுல போனீங்க?’ என்று மாற்றிக் கேட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். உள்ளே விறகும் எருமூட்டையும் அடுக்கியிருந்தது.

22 கேள்விகள் எட்டாகச் சுருங்கின. எல்லாமே நேற்று, போன வாரம், போன தடவை என்று தொடங்கும் கேள்விகள். கூகுள் ஃபார்ம் போடலாம் என்றொரு யோசனையும் வந்தது. போன் இல்லாதவர்களைத் தேடித்தானே போகிறோம் என்பதால், காகிதமே போதும் என்று விட்டோம்.

கோலமாவு வரைபடம்

சேம்பர்ஸும் அவரைப் போன்றவர்களும் பரப்பிய முறைகளில் ஒன்று, மக்களே தரையில் ஊர் வரைபடம் போடுவது. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோதும், கிராம சபைகளில் பேசியதோடு விடாமல், ஊரைச் சுற்றி நடந்தும் உள்ளூர்த் தகவல்களைச் சேகரித்தும் ஊராட்சிதோறும் வளர்ச்சி அறிக்கை எழுதினார்கள். நாங்கள் புளியமரத்தடியில் இரண்டு பாக்கெட் கோலமாவோடு உட்கார்ந்தோம்.

“நீங்க போற வர்ற வழியை மட்டும் போடுங்க” என்றார் மகளிர் குழு அக்கா. கோலம் போடுகிறவர்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? கண்மாய், பம்ப்செட், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று பத்து நிமிஷத்தில் ஊர் தரைக்கு வந்துவிட்டது. “பயந்து போற இடத்துல செம்மண்ணைத் தூவுங்க” என்றதும் எல்லார் கையும் ஒரே இடத்துக்குப் போனது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியில், தைலமரக் காட்டை ஒட்டிய பகுதி. விளக்கில்லாத அரை கிலோமீட்டருக்கும் மேலான தூரம்.

பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போனது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னெடுப்பில், எழுத்து கற்ற கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். என் அம்மா சைக்கிள் பழகியது அப்போதுதான். மரத்தடியில் இருந்த நான்கைந்து பேரும் அந்தக் காலத்தில் பழகியவர்கள். “நாங்க டபுள்ஸ் வச்சே டவுனுக்குப் போனோம். இப்ப இவளுகளுக்கு கவர்மென்ட்டே சைக்கிள் குடுக்குது, திண்ணையில நிக்குது” என்றார் ஒருவர். பதினோராம் வகுப்பில் கொடுத்த இலவச சைக்கிளைத்தான் சொல்கிறார். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வர இருட்டிவிடும் என்பதால் பிள்ளைகள் அதை எடுப்பதில்லை. கடைசிப் பேருந்து மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறது. வீட்டில் பைக் வைத்திருக்கும் ஆண் இருந்தால் போய்க் கூட்டிவரலாம். இல்லாவிட்டால்?

ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு வீட்டில் அதற்கான பதில் கிடைத்தது. ஜவுளிக்கடையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த தங்கச்சி. அண்ணன்தான் தினமும் போய்க் கூட்டிவருவான். அவன் திருப்பூர் போனதும் அவள் வேலையை விட்டுவிட்டாள். “யாரும் போகாதேனு சொல்லலைக்கா. கூட்டிட்டு வர ஆளில்ல, அவ்வளவுதான்” என்றாள். இதை அவள் எந்தக் கூட்டத்தில் போய்ச் சொல்வாள்? எந்த மனுவில் எழுதுவாள்?

கிழக்குத் தெருப் பெண்கள் இன்னோர் இடத்திலும் செம்மண்ணைத் தூவினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி. வயல் வரப்பில்தான் பிணத்தைத் தூக்கிப்போக வேண்டும். மழைக்காலத்தில் முழங்கால் சேறு. பட்டா நிலத்துக்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் கேட்டு நிற்க வேண்டும். முந்நூறு வீட்டு ஊரில் வளர்ந்த எனக்கு இந்தப் பாதை பற்றித் தெரியவந்தது அந்தக் கோலத்தில்தான்.

புளியங்கொட்டை ஓட்டு

20 நாளில் திரும்பத் திரும்ப வந்த எட்டு விஷயங்களை அட்டையில் படமாக வரைந்தாள் கல்லூரித் தங்கச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும் இல்லையா? ஆளுக்குப் பத்து புளியங்கொட்டை. எதற்கு எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக, பசங்க தனியாக, கிழக்குத் தெரு தனியாக வைத்தார்கள். எல்லோரையும் கலந்து வைத்தால் பெரிய குரல் இருக்கும் பக்கம்தான் கொட்டை போகும்.

ஆண்களின் குவியலில் கண்மாய் மடை பழுது முதலில் வந்தது. பசங்களுக்கு மைதானம். ஊர்த் தெருப் பெண்களுக்கு ரோட்டு விளக்கு. கிழக்குத் தெருவில் சுடுகாட்டுப் பாதை முதலிலும், ரோட்டு விளக்கு இரண்டாவதாகவும் வந்தன. ஆர்ச் படத்தின் மேல் சில கொட்டைகள் இருந்தன, அதையும் எழுதிக்கொண்டோம்.

ஆகஸ்ட் முதல் வாரம், சொன்னபடி தெருத் தெருவாகப் போய்ப் படித்துக் காட்டினோம். “நான் சொன்னது இதுல இருக்கா?” என்று கேட்டு, இருக்கிறது என்றதும் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார் ஒரு பாட்டி. பிறகு அறிக்கையை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். நான்கே பக்கம்.

விளக்குக்கு உடனே கைதட்டல் எமோஜிகள் வந்தன. ஓட்டெடுப்பிலேயே ஹைமாஸ்ட் லைட் இருந்ததே, இடம்தானே மாறுகிறது என்று துபாயிலிருந்து ஒருவர் எழுதினார். நான்காவது பக்கத்துச் சுடுகாட்டுப் பாதைக்கு மட்டும் ரொம்ப நேரம் பதிலே இல்லை. பிறகு ஒருவர், “இதெல்லாம் எதுக்கு இப்ப கிளறணும்? அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துட்டு ஷேர் பண்ணுங்க” என்றார். ஐயா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். “படிச்சுக் காட்டினதுக்கு அப்புறம் ஒரு பக்கத்தைக் கிழிச்சா, மத்த மூணு பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டாங்கப்பா.” பக்கம் அப்படியே இருந்தது. இரண்டு பேர் குரூப்பைவிட்டு வெளியேறினார்கள்.

விளக்கு வந்தது, பாதை வரவில்லை

எலெக்ட்ரீஷியன் அண்ணன் ரோட்டை அளந்து, எத்தனை கம்பம், எத்தனை விளக்கு என்று கணக்குப் போட்டார். நாமே சோலார் விளக்கு வாங்கி நட்டால் ஆறு மாதத்தில் பேட்டரி போனபின் யார் மாற்றுவது என்று கேட்டவரும் அவர்தான். ஊராட்சித் தெருவிளக்காகவே போட்டால் மின்கட்டணமும் பராமரிப்பும் ஊராட்சியின் பொறுப்பு. ஆகஸ்ட் 15 கிராம சபையில், ஊர்ப் பணம் பங்களிப்பாகத் தருவதைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேறியது. சுடுகாட்டுப் பாதையை அளந்து தரக் கோரும் தீர்மானத்தை மகளிர் குழு அக்காவே எழுந்து படித்தார். அதுவும் பதிவானது.

மார்கழியில் விளக்குகள் எரியத் தொடங்கின. மிச்சப் பணத்தில் இரண்டு நாள் ஜேசிபி வைத்து மைதானத்தின் கருவேலத்தைப் பிடுங்கினார்கள், பசங்க கூடவே நின்றார்கள். கண்மாய் மடை எங்கள் பணத்துக்கு அடங்காத வேலை என்பதால், ஊராட்சித் திட்டத்தில் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறோம். வேலையை விட்ட அந்தத் தங்கச்சியின் இடத்தில் ஜவுளிக்கடை வேறு ஆளைச் சேர்த்துவிட்டது. அவள் இப்போது டவுனில் தையல் வகுப்புக்குப் போகிறாள். ஏழரை மணி பஸ்ஸில் இறங்கித் தனியாகத்தான் நடந்து வருகிறாள்.

உங்கள் ஊரிலும் தெருவிலும் அபார்ட்மென்ட்டிலும் இப்படி ஒரு பணமும் ஓட்டெடுப்பும் எப்போதாவது வரும். அப்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் குரூப்பில் யார் இல்லை என்று முதலில் எண்ணுங்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்களுக்குத் தோதான நேரத்தில் நீங்கள் போங்கள். தர முடியாததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டதைத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். கிராமம் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை உண்டு. அந்தத் தேதிக்கு முன் உங்கள் பட்டியல் தயாராகட்டும். பணம் போதாத வேலைக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். எந்தெந்த வேலைக்குப் பொருந்தும் என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சுடுகாட்டுப் பாதையை அளக்க இன்னும் யாரும் வரவில்லை. தீர்மானத்தின் நகலை லேமினேட் செய்து வைத்திருக்கிறார் மகளிர் குழு அக்கா. ஒவ்வொரு கிராம சபைக்கும் எடுத்துப்போய், “இது என்னாச்சு?” என்று கேட்கிறார். போன முறை கேட்டபோது, ஊர்த் தெருவிலிருந்து மூன்று பெண்களும் அவரோடு எழுந்து நின்றார்கள். அதில் என் அம்மாவும் ஒருவர்.